பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கிச் சரிசெய்து ஓட்ட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கி, இன்ஜினை இறக்கி வேலை பார்த்து, முறையாக ரோட்டில் ஓட்ட நினைப்பவர்களுக்காக இது. ஆர்எக்ஸ் 135, ஆர்எக்ஸ்-இசட் வைத்திருப்பவர்களுக்கும் இன்ஜின் சம்பந்தப்பட்ட பதில்கள் பெரும்பாலும் பொருந்தும்.

முப்பது வருஷத்துப் பழைய வண்டிக்கு லட்ச ரூபாய் கேட்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது?

98 சிசி, 11 குதிரைத்திறன், எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான். இந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம். இன்றைய நூறு சிசி வண்டிகள் பல எட்டு குதிரைத்திறனைச் சுற்றியே நிற்கின்றன, எடையும் அதிகம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985 கடைசியில் இதை இறக்கியது. 1996-இல் புகை விதிகள் இறுகியபோது தயாரிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒரு வண்டிகூடப் புதிதாக வரவில்லை. இருப்பவையும் குறைந்துகொண்டே போகின்றன. கேட்கிற ஆட்களோ கூடிக்கொண்டே போகிறார்கள்.

என்னைக் கேட்டால், இன்றைய விலையில் பாதி சத்தத்துக்குக் கொடுப்பது. அது தெரிந்து வாங்கினால் பிறகு வருத்தம் இருக்காது.

"ஜப்பான் இன்ஜின்" என்று சொல்லிப் பத்தாயிரம் கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஆரம்ப காலத்து வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டவை என்பது உண்மைதான். ஆனால் இத்தனை வருஷத்தில் பிஸ்டன் மாறியிருக்கும், கனெக்டிங் ராடு மாறியிருக்கும், பேரிங், சீல் எல்லாம் மாறியிருக்கும். ஜப்பான் என்று மிஞ்சியிருப்பது வெளியே தெரிகிற வார்ப்பு மட்டும். சேகரிக்கிறவர் என்றால் உங்கள் இஷ்டம். ஓட்டத்தான் என்றால் அந்தப் பத்தாயிரத்தை கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலைக்கு ஒதுக்குங்கள்.

இன்ஜின் நம்பர் 1எல்1 என்று ஆரம்பிப்பதைக் காட்டி "பாருங்கள், ஜப்பான்" என்பார்கள். அது ஆர்எக்ஸ் 100-க்கான மாடல் குறி. எங்கே செய்தது என்பதற்கு அதில் சான்று இல்லை.

பேப்பரில் எதைப் பார்க்க வேண்டும்?

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று இழுத்தால் பஸ் காசு மிச்சம் என்று விட்டுவிடலாம்.

ஆர்.சி. கைக்கு வந்ததும் அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய மூன்றெழுத்து நம்பர் வண்டிகள் பல கணினியில் ஏறாமலே கிடக்கும். அப்படியானால் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றித் தர வேண்டும். அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகு காசு கொடுப்பது நல்லது. வாங்கிய பிறகு அலைவது உங்கள் கால்.

தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். நாம் பேச்சு வழக்கில் எஃப்.சி. என்கிறோமே, அதுதான். இதற்குப் படிவம் 25. கடைசி ஆர்எக்ஸ் 100-க்கே இப்போது முப்பது வயது, ஆகவே உயிரோடு இருக்கிற எல்லா வண்டிக்கும் இது பொருந்தும். இருபது வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக ஏறிவிட்டது. பசுமை வரி, காப்பீடு, தாமதித்திருந்தால் அதற்கான தொகை எல்லாம் தனி. எஃப்.சி. முடிந்து வருஷக்கணக்கில் கிடக்கும் வண்டி என்றால் இந்தச் செலவையெல்லாம் எழுதிக் கூட்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.

பேர் மாற்ற படிவம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்குக் கொண்டுபோவதென்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று. பழைய கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். கடன் கொடுத்த கம்பெனியே மூடியிருக்கும், எச்.பி. (வண்டி கடனில் இருப்பதான குறிப்பு) மட்டும் புத்தகத்தில் இருக்கும். உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால் முதலில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து மகன் பேருக்கு மாற வேண்டும். அப்பா கையெழுத்தைத் தானே போட்டுத் தருகிறேன் என்று சொல்கிற மகனிடம் வாங்காதீர்கள்.

சேசிஸ் நம்பர் மங்கலாக இருக்கிறது. துரு என்கிறார்.

துரு பிடித்தால் பள்ளமும் மேடுமாக இருக்கும். சாணை பிடித்த இடம் வழவழப்பாக இருக்கும். ஹேண்டில் தலைப் பகுதியில் அடித்திருக்கும் நம்பரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு எண் மட்டும் தனியாகக் குதித்து நின்றால், அல்லது சுற்றி மட்டும் புது பெயின்ட் இருந்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் அது மலிவு கிடையாது.

நேரில் போய் வண்டியில் எதைச் சோதிப்பது?

போனதும் முதல் வேலை, சிலிண்டர் ஃபின்னைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ பாடுபட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். அரட்டை அடித்து ஆறவிடுங்கள். ஆறிய இன்ஜின் சோக் போட்டு மூன்று, நான்கு உதைக்குள் எடுக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் நன்றாக எதிர்த்து நின்று, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். வழியெல்லாம் ஒரே மாதிரி லேசாக இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லை. அதாவது போர் வேலை, சிலிண்டர் துளையை அறுத்துப் பெரிதாக்கும் வேலை, நிச்சயம்.

அடுத்தது ஐட்லிங். இன்ஜின் சூடானதும் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். சத்தம் உடனே கீழே வர வேண்டும். மேலேயே தொங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் சக்கரம்) பக்கத்து கிராங்க் சீல், இல்லையென்றால் கார்புரேட்டர் ரப்பர். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தாலே ஒரு எரிப்பு முடிந்துவிடும். இதில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் வந்து அழுந்தித்தான் மேலே போகிறது. அங்கே காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும், சூடேறும், ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்ன சீலுக்காக முழு இன்ஜினும் இறங்கும்.

நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பது இன்னொரு வித்தை. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை கிராங்க்கேஸில் வைத்து, பிடியைக் காதெலும்பில் வையுங்கள். ஒரே சீரான உறுமல் பேரிங் நன்றாக இருப்பதன் அடையாளம். ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கும்போது அடியிலிருந்து 'கட் கட்' என்று வந்தால் கனெக்டிங் ராடு அடிப்பக்கம் தேய்ந்துவிட்டது. மேலே சிலிண்டரில் வரும் லேசான 'கிலு கிலு'வுக்குப் பயப்பட வேண்டாம், அது பிஸ்டன் தேய்மானம். போர் போட்டால் போய்விடும்.

சேசிஸ் விஷயத்தில் நடு ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், புஷ் தேய்ந்திருந்தால் தெரியும். முன்பக்கம் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சொடக்கி நின்றால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போயிருக்கிறது. பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றாலே புகைதானே, புகை வந்தால் என்ன?

ஆறிய இன்ஜினில் நீலம் கலந்த புகை வருவது இயல்பு, சூடானதும் குறைய வேண்டும். குறையாமல் அடர்ந்த வெள்ளைப் புகையாக, கண்ணெரிகிற நாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தால் அது பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற 2டி ஆயிலின் புகை இல்லை. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய், கியர் பாக்ஸ் ஆயில் இன்ஜினுக்குள் இழுத்து எரிகிறது. கியர் ஆயில் அளவு அடிக்கடி குறைகிறதா என்று கேளுங்கள். விற்பவர் உண்மை சொல்ல மாட்டார், ஆனால் சைலன்சர் நுனியில் விரலை விட்டுப் பார்த்தால் அது சொல்லிவிடும்: காய்ந்த கரி என்றால் சரி, கையில் வழவழவென்று ஒட்டும் கறுப்பு என்றால் சீல் வேலை.

"ஃபுல் இன்ஜின் வேலை" என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

கிராங்கைப் பிரித்து புது கனெக்டிங் ராடு கிட் போட்டு அலைன்மென்ட் பார்ப்பது, இரண்டு மெயின் பேரிங், இரண்டு கிராங்க் சீல், போர் போட்டுப் புது பிஸ்டன், ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் வால்வு) இதழ்கள், கிளட்ச் பிளேட், எல்லா கேஸ்கட், ஓ ரிங். கியர் பற்கள் உடையாமல் இருந்தால் கை வைக்க வேண்டாம்.

பாதி வேலை செய்து மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். மேலே மட்டும் புது பிஸ்டன் போட்டுக் கம்ப்ரஷனை ஏற்றினால், கீழே ஏற்கெனவே தளர்ந்த கிராங்க் அந்தச் சுமையில் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பிக்கும். அப்போது மறுபடி இறக்க வேண்டும், கூலியும் மறுபடி. கையில் காசு இல்லையென்றால் வண்டியை நிறுத்தி வைத்துச் சேர்த்துச் செய்யுங்கள்.

போர் போடும்போது எதைக் கவனிப்பது?

ஆர்எக்ஸ் 100-இன் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50 மிமீ, ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மிமீ. தேயத் தேய 0.25, 0.50, 0.75, 1.00 என்று பிஸ்டன் சைஸ் ஏறும். ஒரு மிமீ சைஸும் முடிந்துவிட்டால் புது ஸ்லீவ் (சிலிண்டரின் உள்குழாய்) இறக்க வேண்டும். வாங்கும்போதே எத்தனையாவது சைஸில் ஓடுகிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால் கடைசி சைஸ் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

லேத்துக்குப் போகும்போது பிஸ்டனைக் கையில் கொண்டுபோக வேண்டும். "அரை சைஸ் போடுங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பது வேலைக்காகாது. ஒரே சைஸ் என்று எழுதிய இரண்டு பிஸ்டனே நூலளவு வித்தியாசப்படும். அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப போர் அறுத்து, ஹோன் அடித்து (உட்சுவரை நேர்த்தியாகத் தேய்த்து) முடிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

லேத்திலிருந்து வந்த சிலிண்டர் பிளாக்கை அப்படியே பூட்டிவிடாதீர்கள். உள்ளே விரலை விட்டு, கலவையும் புகையும் போகும் போர்ட் ஜன்னல்களின் ஓரத்தைத் தடவுங்கள். அறுத்த ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். பிஸ்டன் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஜன்னல்களைத் தாண்டிப் போகிறது, கூரான ஓரத்தில் சிக்கினால் ரிங் உடைந்து பிளாக்கைக் கீறிவிடும். சின்ன அரமோ எமரித் தாளோ கொண்டு ஓரத்தை லேசாகச் சாய்த்துவிட வேண்டும். நல்ல லேத்காரர் சொல்லாமலே செய்வார். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் 2டி ஆயில் தொட்டு உள்ளே துடைத்துக்கொண்டே இருங்கள், துணி கறுக்காமல் வரும்வரை. ஹோன் பொடி உள்ளே இருந்தால் அதுவே புது பிஸ்டனைத் தின்றுவிடும்.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் வாய்கள் பள்ளத்திலுள்ள சின்ன ஆணிகளில் உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப் எப்போதும் புதிது. கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் கிளிப்பைத் தொட வேண்டும், உள்ளே தெறித்து விழுந்தால் அன்றைய பொழுது போச்சு.

ஆயில் பம்ப் வைத்திருப்பதா, கழற்றிவிட்டுப் பெட்ரோலில் கலப்பதா?

மெக்கானிக்குகளில் பாதிப்பேர் "பம்ப்பை நம்பாதே" என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் பம்ப்பைக் கழற்ற எந்தக் காரணமும் இல்லை. ஆக்சிலேட்டருக்கும் இன்ஜின் வேகத்துக்கும் ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிற ஏற்பாடு அது. கேபிள் குறியைச் சரியாக வைக்க வேண்டும், ஆயில் ட்யூபைக் கழற்றிப் போட்டால் காற்றை எடுத்துவிட வேண்டும், இவ்வளவுதான்.

நீங்கள் வாங்கிய வண்டியில் ஏற்கெனவே பம்ப் போய்விட்டது என்றால் லிட்டருக்கு 30 மில்லி நல்ல 2டி ஆயில் கலந்து ஓட்டலாம். புதிதாக இன்ஜின் வேலை செய்திருந்தால் முதல் சில டேங்குக்கு 40 மில்லி. பெட்ரோல் பங்கில் ஆயிலை முதலில் ஊற்றி, மேலே பெட்ரோல் விட்டால் தானாகக் கலந்துவிடும்.

கலந்து ஓட்டுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி மாதிரி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரில் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்குங்கள். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கும் அவ்வளவாகக் கிடைக்காது, முன்பின் இரண்டும் டிரம் பிரேக் வேறு. கொண்டை ஊசிக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இ20 பெட்ரோலில் இந்த வண்டி ஓடுமா?

ஓடும், ஆனால் கவனிப்பு வேண்டும். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது சரியாக எரிய அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். பழைய ஜெட்டிலேயே (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஓட்டினால் கலவை மெலிந்து, பிளக் வெளுத்து வரும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் போட்டு, கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டி, இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபித்தூள் நிறம் சரி. வெள்ளை ஆபத்து. ஈரக் கறுப்பு என்றால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம்.

எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் ட்யூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ ரிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை வேறு இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும், டேங்க்கும் துருப்பிடிக்கும். வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

பிக்கப் இல்லை. போர் போட வேண்டுமா?

முதலில் சைலன்சரைப் பாருங்கள். உள்ளே கரி அடைத்தால் நல்ல இன்ஜினும் இழுக்காது. பின்பக்க போல்ட்டைக் கழற்றி உள்குழாயை உருவி, கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். இறுகிப் போயிருந்தால் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப் போடலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள், கரைந்துவிடும். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயிலும் கரி இருக்கும், பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள்.

சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டலாமா?

வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு பாகம். எரியாமல் வெளியேறும் கலவையைத் திருப்பித் தள்ளுவது அதன் உள்வடிவம்தான். வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும். போலீஸ் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய்வரை போகும்.

135 பிளாக் மாற்றிய வண்டி வந்திருக்கிறது. வாங்கலாமா?

135-இன் ஸ்ட்ரோக்கும் அதே 50 மிமீதான், போர் மட்டும் 58 மிமீ. அதனால்தான் இந்த மாற்று வேலை இவ்வளவு பரவலாக நடந்திருக்கிறது. பெரிய பிளாக் உட்கார கிராங்க்கேஸ் வாயை லேத்தில் அகலப்படுத்தியிருப்பார்கள். திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. ஆர்.சி.யில் 98 சிசி, வண்டியில் 132 சிசி என்றால் எஃப்.சி.யிலும் விபத்துக் காப்பீட்டிலும் சிக்கல். 135 வேண்டுமென்றால் 135-ஐயே வாங்குங்கள். விலையும் குறைவு, ஆர்எக்ஸ்-இசட் மாடலில் ஐந்து கியர் பாக்ஸும் கிடைக்கும்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்? ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, புதியவற்றுக்கு ஜி.பி. ரோடு. டேங்க், மீட்டர், பக்க மூடி, ஸ்டிக்கர் வரை எல்லாவற்றுக்கும் இப்போது டூப்ளிகேட் இருக்கிறது. பார்வைப் பாகங்களில் டூப்ளிகேட் வாங்கினால் ஒன்றும் குடிமுழுகாது. கார்புரேட்டர், சிடிஐ (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டி), மேக்னெட் காயில், கிராங்க் சீல், பேரிங் இவற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தேய்ந்த ஒரிஜினல் மிக்குனி கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஜெட், ஊசி மாற்றிப் போடுவது, புது டூப்ளிகேட்டைவிடப் பல நேரம் நன்றாக ஓடும். ஆகவே பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், பட்டறையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பெயின்ட் எப்போது?

கடைசியில். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, எந்தக் கசிவும் இல்லை, மறுபடி இறக்க வேண்டாம் என்று தெரிந்த பிறகு.

இன்ஜின் வேலை முடிந்ததும் எப்படி ஓட்டுவது?

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதும் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், பின்னால் ஆள் வேண்டாம். முதல் நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முழுக்க ஆறவிட்டு மறுபடி எடுப்பது நல்லது. இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். இன்ஜின் திடீரென்று இறுகுவது போல் இழுவை விழுந்தால் யோசிக்காமல் கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தூக்கிப் போடும்.

இதை வைத்து டர்ட் ரேஸ் ஓட்டலாமா?

இங்கே பலர் மண் ரேஸை ஆர்எக்ஸில்தான் பழகினார்கள். குறைந்த எடை, சட்டென்று வரும் பவர், எங்கே போனாலும் கிடைக்கும் ஸ்பேர், இவை மண்ணில் உதவும். ஆனால் இது ரோட்டுக்காகச் செய்த வண்டி. ஃபோர்க் பயணமும் பின் ஷாக்கும் குதிப்பதற்கானவை இல்லை, ஃபிரேமுக்கும் அந்தப் பலம் கிடையாது. யமஹா ஒய்இசட் 125 போன்ற உண்மையான மோட்டோகிராஸ் வண்டியோடு ஒப்பிடவே முடியாது. அதற்கு விளக்கும் கிடையாது, ரோட்டில் பதிவும் கிடையாது.

தட்டையான மண் பாதையில் பழக, பேப்பர் இல்லாத சேசிஸில் நல்ல இன்ஜினைப் போட்டு, பட்டன் டயர் மாட்டி, பின் ஸ்ப்ராக்கெட்டில் சில பல் கூட்டி ஓட்டுபவர்கள் உண்டு. அந்த வண்டி டெம்போவில் போய் டெம்போவில்தான் வர வேண்டும். போட்டிக்கு, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் உரிமம் வேண்டும். ஆர்.சி. சரியாக இருக்கிற முழு வண்டியை இதற்காகப் பிரிக்காதீர்கள். காட்டுப் பாதை, மலைப் பாதைதான் ஆசை என்றால் மண் பாதைக்கும் ரோட்டுக்கும் சேர்த்துச் செய்த பழைய ஹீரோ இம்பல்ஸ் ஒன்றைப் பார்த்து வாங்கிவிடலாம், செலவும் தலைவலியும் பாதி.